மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் பள்ளி நூலகம் என்றால்
பூட்டிய இரண்டு பீரோ, ஒரு சாவி, நான்.
சாவியில் உப்புத் துரு.

துறைமுகத்தில் ஏற்றுவதுபோல் நாமும் ஏற்றினால் என்ன
என்றான் எட்டாம் வகுப்பு லிவிங்ஸ்டன்.
மூங்கில் கூடைக்குக் கறுப்பு அடித்தோம்.
வாசல் பூவரசில் கயிறு, கப்பி.
ஒன்று: சிரிக்கலாம்.
மூன்று: விளக்கை அணைக்காமல் படிக்கவும்.
பத்து: கைக்குட்டையோடு வரவும்.

பத்தாம் எண்ணுக்குத்தான் தினமும் அடிதடி,
சத்துணவு வரிசையைவிட நீளமாக.
பீரோவைப் பூட்டுவதையே விட்டுவிட்டேன்.
மெர்சிலின் மட்டும் படித்துவிட்டு வந்து
"இது பத்தெல்லாம் இல்ல டீச்சர், நாலுதான்" என்று
எண்ணை மாற்றி மாட்டிவிட்டுப் போவாள்.

கார்த்திகையில் ஒரு புதன்
துறைமுகத்திலேயே மூன்று ஏறியது.
நாட்டுப்படகு ஏழு கரை திரும்பவில்லை.
ஒன்றில் அவள் அப்பா.
முதல் மணிக்கு முன்பே வந்து
கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.
கூண்டு உருண்டுபோய்
தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்தது.
யாரும் எடுக்கவில்லை.
நானும்.

வெள்ளி மாலை ஏழும் வந்தன,
ஒன்று குந்துகால் பக்கம் ஒதுங்கி,
எஞ்சின் போய்.

திங்களன்று பதிவேட்டைப் பிரித்தால்
அந்தப் புதன்கிழமைக்கு நேரே அவள் கையெழுத்து.
ஒட்டகங்களைப் பற்றிய புத்தகம்,
கடல் ஓர் இடத்திலும் வராது அதில்.
எண் போடும் கட்டம் காலி.

"எத்தனைன்னு போடலையே" என்றேன்.
"இன்னும் முடிக்கல டீச்சர்.
ரெண்டு நாளா
ஒரே பக்கத்தத்தான் படிச்சேன்."