வெறும் வண்டி

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
இருபத்திரண்டு வருஷமாக
அதன் கண்ணாடி அறைக்குள் நான்.
பர்கூர்க் கருங்கல், போச்சம்பள்ளித் தேங்காய்,
ஆனி பிறந்தால் கூழ் ஆலைக்குப் போகும்
பெங்களூரா மாங்காய்,
எல்லாம் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது.
கை வழியாக இல்லை.
சீட்டு வழியாக.

கூட்டிப் பார்த்தால்
ஒரு சின்ன மலையையாவது
எடைபோட்டு அனுப்பியிருப்பேன்.
நான் தூக்கியது
பேனா, டீ கிளாஸ்,
வீட்டுக்குப் போகும்போது டிபன் கேரியர்,
அதுவும் காலி.

மாசியில் ஒரு நாள்
சிலிண்டர்க்காரப் பையன் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.
நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டேன்.
வரலட்சுமி இறங்கி வந்தாள்,
முந்தானையைச் செருகினாள்,
தூக்கிக்கொண்டு போனாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

லண்டன்பேட்டையில்
பெயின்ட் கடைக்கு மேல் மாடி ஜிம்.
(பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்,
எங்கள் ஊர் லண்டனுக்கு நடந்தே போகலாம்.)
தஸ்தகீர் என்று ஒரு பையன் கேட்டான்:
"முன்னாடி ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா அங்கிள்?"
"ஸ்கூல்ல கபடி."
"எந்த வருஷம்?"
"எண்பத்தொன்பது."
அவன் தாய்க்கே அப்போது
கல்யாணம் ஆகியிருக்காது.
மரியாதையாக நோட்டில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டான்.

தட்டு எதுவும் மாட்டாமல்
ராடை மட்டும் தோளில் வைத்தான்.
"வெறும் ராடு. இருபது கிலோ."
பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் பையன்
இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
வெட்கமாக இருந்தது.
ஆனால் எனக்குத் தெரியாததா?
வெறும் வண்டிக்கும் எடை உண்டு.
அதைக் கழித்தால்தான் சரக்கு.
கழிக்க மறந்தால்
சட்டையைப் பிடிப்பார்கள்.

"உட்கார்ந்து எழுங்க" என்றான்.
உட்கார்ந்தேன்.
உட்காருவதில் எனக்கு
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
எழுவதுதான்.

மறுநாள் மாடிப்படியைப்
பின்பக்கமாகத் திரும்பி
சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
எனக்கு இருப்பதாகவே தெரியாத இடங்களிலெல்லாம் வலித்தது.
சீட்டில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து
லாரி டிரைவர் நாராயணப்பா கேட்டார்:
"ஏன் சார், எழுத்து மலையேறுது?"

ஐந்து கிலோ தட்டு
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
என்று ஆக ஒன்பது வாரம்.
அப்புறம் மாங்காய் சீசன்.
இரவெல்லாம் லாரி வரிசை.
பதினேழு நாள் போகவில்லை.
திரும்பிப் போனபோது
தஸ்தகீர் எதுவும் கேட்கவில்லை.
இரண்டு தட்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்தான்.
மறுபடியும் வெறும் ராடு.
இந்த முறை வெட்கம் வரவில்லை.
எரிச்சல் வந்தது.
எரிச்சல் பரவாயில்லை,
அதோடு எழ முடிகிறது.

கடைசி லாரி போன பிறகு ஒரு ராத்திரி
யாரும் இல்லாத மேடையில்
நானே ஏறி நின்று
கண்ணாடி வழியே சிவப்பு எண்ணைப் பார்த்தேன்.
பங்குனியில் எண்பது.
ஆவணியிலும் எண்பது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
அதற்கு இடைப்பட்டதெல்லாம்
அதன் கணக்கில் தூசி.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

நேற்று சிலிண்டர் வந்தது.
பதினெட்டுப் படி.
ஒன்பதாவதில் ஒரு தரம் இறக்கி வைத்தேன்,
உள்ளங்கையை வேட்டியில் துடைத்தேன்,
மறுபடி தூக்கினேன்.
மேலே கதவைத் திறந்து பிடித்தபடி வரலட்சுமி.
நான் உள்ளே வைத்து நிமிர்வதற்குள்
"காலியைக் கீழே குடுத்துடுங்க,
பையன் நிக்கறான்" என்றாள்.

காலியைத் தூக்கினேன்.
கழுத்து வளையத்தில்
ஏதோ எண் அடித்திருந்தது.
இத்தனை வருஷம் படித்ததில்லை.
பதினைந்து புள்ளி மூன்று.
வெறும் எடை.