இன்வாய்ஸ்

ரஸ்மின் விட்டுப்போனவை:
கால் புட்டி ஊறுகாய்,
ஒரு கால் ஆடும் நாற்காலி,
இந்தப் பூனை.

முப்பத்திரண்டு பிக்சல் உயரம்.
சாம்பல் உடம்பு, காது மட்டும் கறுப்பு.
அம்புக்குறி போகுமிடமெல்லாம்
நாலு கால் பாய்ச்சலில் பின்னாலேயே வரும்.
அரை நிமிடம் அசையாவிட்டால் கொட்டாவி.
ஒரு நிமிடம் என்றால் காதைச் சொறியும்.
அதற்கும் மேலே போனால்
திறந்திருக்கும் பில் மீதே சுருண்டுகொள்ள
தலைக்கு மேல் மூன்று சின்ன எழுத்துகள் மிதக்கும்.

சோஹார் துறைமுகத்தின் வெளிவாசலுக்கு எதிரே
கிளியரன்ஸ் ஆபீஸ். இரவு ஷிப்ட்.
நள்ளிரவிலும் வெளியே முப்பத்தாறு.
நான் சரக்கு ஏற்றி இறக்குகிறேன், காகிதத்தில்தான்:
பதினெட்டு டன் பேரீச்சை,
இருபத்தாறு டன் கழிவறைப் பீங்கான்.
கட்டத்துக்குக் கட்டம் நான் தாவ
அதுவும் தாவும்,
சம்பளம் வாங்குகிற மாதிரி.

பெயர் வைத்தது மரிவிக்.
எந்த இன்வாய்ஸைத் திறந்தாலும்
தொகை இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்ததால்.

இரண்டாவது திரைக்கு மட்டும் வராது.
அம்பு அந்தப் பக்கம் போய்விட்டால்
இந்த ஓரத்தில் முட்டிக்கொண்டு
இல்லாத சுவரைப் பிறாண்டும்.
கஸ்டம்ஸ் படிவம் எல்லாம் அந்தப் பக்கம்.
ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே வேலை,
முழுக்கப் பிறாண்டல்.
சத்தம் கிடையாது. ஆனாலும் கேட்டது.
இரண்டு முறை இங்கே வந்து
ஒரு சுற்று ஓடவிட்டுப் போனேன்.
அதில் ஒரு சைபர் கை தவறியது.
இருபத்தாறாயிரம் கிலோ பீங்கான்
இரண்டாயிரத்து அறுநூறு ஆனது.
நாற்பது ரியால் அபராதம்.
பத்ர் சார் கத்தவில்லை.
திரையில் விரல் வைத்து, இதை எடு என்றார்.
விரலை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எடுக்க வழியில்லை.
மூடும் பொத்தான் எங்குமில்லை.
அக்கரைப்பற்றுக்குப் போன் போட்டேன்.
'பாஸ்வேர்ட் மறந்துட்டன் மச்சான்' என்றான் ரஸ்மின்.
கொஞ்சம் பொறுத்து,
'அது சுகமா இருக்கா?'

டிக்கெட் போட்டேன். எண் 40417.
தேவையற்ற மென்பொருள், நீக்கவும்.

ஒன்றே முக்காலுக்கு
எங்கிருந்தோ ஒருவர் என் கணினிக்குள் வந்தார்.
தயவுசெய்து மவுஸைத் தொடாதீர்கள் என்றது சின்னப் பெட்டி.
பூனையிடமும் சொல்லியிருக்கலாம்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.
அம்பு தானாக நகர்ந்தது.
பூனை அவர் பின்னால் ஓடியது.
அதே பாய்ச்சல்.
ஒரு தயக்கம், ஒரு திரும்பிப் பார்த்தல்,
ம்ஹூம்.
எட்டு மாதம் இந்தக் கையோடு கிடந்த பூனை.

கண்ட்ரோல் பேனலைத் திறந்தார். ஓடியது.
பட்டியலில் இறங்கினார். இறங்கியது.
பிறகு நின்றார்.
அது உட்கார்ந்தது.
இடப்பக்கம் ஓர் அங்குலம், மெதுவாக.
வந்தது.
சட்டென்று வலது மூலை.
விழுந்தடித்து வந்தது.
ஒரு வட்டம். இன்னும் பெரிய வட்டம்.
ஓர் எட்டு, படுத்துக்கிடக்கிற எட்டு.
எந்த ஊரிலோ ஒரு மனிதர்
தன் இரவு ஷிப்டில்
என் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

நோட்பேடில் எழுத்துகள் விழுந்தன:
பெயர் என்ன?
என் பெயரைப் பாதி அடித்திருப்பேன்.
பூனைக்கு, என்றார்.
அழித்துவிட்டு இன்வாய்ஸ் என்றேன்.
அந்தப் பக்கம் சிரித்தாரோ என்னவோ,
அம்பு லேசாக நடுங்கியது.
நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்டு முடிப்பதற்குள்
தொடர்பு அறுந்தது.
டிக்கெட் மூடப்பட்டது. குறிப்பு:
அப்படி எதுவும் காணப்படவில்லை.

பத்ர் சாரிடம் அதையே காட்டினேன்.

போன வியாழன், இரண்டு மணி இருக்கும்,
மறுபடி பீங்கான்.
என் கைக்குள்ளிருந்தே அம்பு நழுவி
ஒரு சின்ன வட்டம் போட்டது.
தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து
கொட்டாவியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியது.
நான் மவுஸை விட்டேன்.
ஆடும் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.
இருபத்தாறு டன்,
கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கட்டும்.