கணக்கு

பாலக்கோடு பள்ளி மைதானம். இன்னும் விடியவில்லை.
பதினோரு பேர் சுற்றுகிறோம்,
மகன்கள் கழித்துப்போட்ட ஷூக்களில்.

கேட்டருகே போண்டாக்கடை கெம்பம்மா
சுற்றுக்கொரு புளியங்கொட்டை
தட்டில் போடுவாள். அதுதான் கணக்கு.
அவளுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
"நீயும் வாயேன்" என்றால்
"நான் நடந்தா யாரு எண்ணுறது?"

சாமை உப்புமா வாளியோடு வரும் நர்ஸ் ஜெசிந்தா
எதுவும் சொல்வதில்லை.
இன்று மட்டும்
கொட்டைகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

வேறு வழியில்லை, இறங்கினாள் கெம்பம்மா.
அரைச் சுற்று. வேப்பமரம் தாண்டும்போது
எண்ணெய் தீயும் வாடை.
"ஐயோ, என் சட்டி!"
சேலையைத் தூக்கிச் செருகி
மைதானத்தைக் குறுக்கே வெட்டி ஓடினாள்.
நாங்கள் யாரும் அப்படி ஓடியதேயில்லை.

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்து
இரண்டு கொட்டை போட்டாள்.