பதினேழாவது

பிரெக்கே வீட்டு ஏலத்தில் எடுத்த துப்பாக்கி.
ஒரே ஒரு தோட்டா கொள்ளும். வாய் பெரிது.
திறந்து, நுழைத்து, மூடி, சுட்டால் சுட்டதுதான்.
அடுத்ததைப் போடும்வரை எந்த எல்க் மானும்
எனக்காக நின்றதில்லை.

கூடவே இலவசமாக ஒரு காப்பித்தூள் டப்பா.
உள்ளே இருபது தோட்டா,
பிரெக்கே தன் கையால் மருந்திட்டவை.
மூடிமேல் பென்சிலில் ஒரே சொல்: நல்லவை.
என்ன மருந்து, எத்தனை கிரெய்ன், எந்த வருஷம்,
ஒன்றும் இல்லை.
"அவர் கணக்கில் கெட்டி, டாக்னி," என்றாள் ஆர்லிஸ்.
"நம்பிச் சுடு."

ஜூடித் பள்ளத்தாக்கில்
பனி படுக்கைவசமாகப் பெய்த ஒரு செவ்வாய்.
எரிவாயு லாரி கொட்டகையை விட்டு நகராது.
அடுப்பை அணைத்துவிட்டு
மேஜையைத் துடைத்தேன்.

முதலில் குழலிடம் கேட்டேன்.
எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயக் குண்டை
மரக்குச்சி வைத்துத் தட்டித் தட்டி
இந்த வாயில் விட்டு அந்த வாயில் எடுத்தால்
உள்ளே இருக்கிற வரியெல்லாம் அதன் உடம்பில்.
அளந்தேன்.
புத்தகம் சொன்னதைவிட
அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அகலம்.
நூறு வருஷத்துக்கு மேலான இரும்பு,
செம்புச் சட்டை போட்ட ரவை இதற்கு ஆகாது.
ஈயம்தான். கொஞ்சம் பருமனாக,
மூக்குச் சப்பையாக, அவசரம் இல்லாததாக.

பிறகு டப்பா.
தோட்டாவை உருவுகிற சுத்தியலுக்குள் மாட்டி
சிமென்டுத் தரையில் ஓங்கி மூன்று தட்டு.
ரவை கழன்று விழும், மருந்து கொட்டும்.
தராசில் வைப்பேன், எழுதுவேன்.
ஒன்று முதல் பதினாறு வரை
ஒரே எடை, மயிரிழை பிசகில்லை.
பிரெக்கே கணக்கில் கெட்டிதான்.
எனக்கே வெட்கமாகிவிட்டது,
செத்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று.

பதினேழாவதில் தட்டு தொப்பென்று இறங்கியது.

சரியாக இரு மடங்கு.

யாரோ கதவைத் தட்டியிருக்கலாம்.
ரேடியோவில் கோதுமை விலை சொல்லியிருக்கலாம்.
திரும்பி வந்த கை
ஊற்றியதன் மேலேயே இன்னொரு முறை ஊற்றியிருக்கிறது.
இரண்டு பங்கு போட்டும்
அந்தப் பித்தளைக் கூடு பாதிகூட நிரம்பவில்லை.
வெளியே பார்த்தால் மற்ற பத்தொன்பதின் அச்சு.
சுடும்போது என் கன்னம் இருக்கும் இடம்
அதிலிருந்து ஒரு சாண்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது:
சரி, சரி, சரி.

அலமாரியில் இரண்டு டின்.
ஒன்று சிக்கனக்காரி,
சிட்டிகை போதும், புகை குறைவு, காசும் மிச்சம்.
மூன்று பங்கு போட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள்.
அதை மூடிக் கீழே வைத்தேன்.
மற்றது பருத்த மருந்து.
ஒரே பங்கில் கூடு முக்கால்வாசி.
கை மறந்து இரண்டாவது ஊற்றினால்
மேஜையெங்கும் சிந்தி ஊரைக் கூட்டும்.
விலை அதிகம்தான்.
கோள் சொல்கிற இவள்தான் எனக்கு வேண்டும்.

புத்தகத்தில் மூன்று பட்டியல்.
பழைய இரும்புக்கு முதல் பட்டியல்,
அதிலும் முதல் வரி.
அங்கிருந்து ஏற ஆசை வந்தால்
வெளியே போய்ப் பனி தள்ளலாம்.

பத்து மட்டும் செய்தேன்.
நிரப்பிய கூடுகளை வரிசையாக நிறுத்தி
டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன்.
பத்துக் கிணற்றிலும் ஒரே மட்டம்.
அட்டையில் எல்லாம் எழுதினேன்,
மருந்து, எடை, ஈயம், தேதி,
ஏழாவதில் தொலைபேசி அடித்தது, கொட்டிவிட்டு மறுபடி அளந்தேன் என்பதுவரை.

பிரெக்கேயின் மருந்தை ருபார்ப் பாத்தியில் தூவினேன்.
மே மாதம் இலை ஒவ்வொன்றும் முறம் அளவு.

கூட்டுறவுக் கடையில், முட்டை வரிசையில், ஆர்லிஸ்:
"அவர் தோட்டா எப்படி?"
"பத்தொன்பதும் அச்சுப் பிசகாமல் இருந்தது."
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்,
"இருபது இருந்ததே."
"ஆமாம்," என்றேன்.
அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.
பின்னால் நின்றவர் கூடையை மாற்றுக் கைக்கு மாற்றினார்.