நாலாம் நம்பர் மணி

ஐப்பசி இடியில் முதல் மோடம் கருகிப்போயிற்று.
இரண்டாவது, திருவனந்தபுரத்தில் ஏதோ ஆபீஸைக் கலைத்தபோது
எடைக்குப் போட்ட குவியலில்
ரசலம் முதலாளி பொறுக்கிக்கொண்டு வந்தது.
இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினாராம்.
அட்டையின் விளிம்பில் இன்னும் யாருடைய கைரேகையோ.

குலசேகரம் சந்தைக்கு மேற்கே ரப்பர் கடை.
ஷீட் அடுக்கிய அறைக்குள்ளேதான் கம்ப்யூட்டர்;
புகை வாசனை அதற்கும் ஏறிவிட்டது.
காலை ஒன்பதரைக்குக் கோட்டயத்து விலை
மின்னஞ்சலில் வரும்.
வரவேண்டும்.

உள்ளே ஓடுவது லினக்ஸ்.
காசு கேட்காத மூன்று சிடி.
நாகர்கோவிலில் படிக்கிற சுபின் ஏற்றித் தந்துவிட்டுப்
பரீட்சைக்குப் போய்விட்டான்.

மோடம் டயல் செய்யும், கிறீச்சிடும்,
அந்தப் பக்கத்தில் எவனோ எடுப்பான்.
நான் எலியை அசைப்பேன்.
லைன் செத்துவிடும்.
அசைக்காமல் இருந்து பார்த்தேன்;
லைன் பிழைத்தது,
அம்புக்குறி திரையின் நடுவே
ஆணி அடித்ததுபோல் நின்றது.

நாலு நாள் இப்படி.
ஐந்தாம் நாள் குறுக்கீட்டு எண்களின் பட்டியலைத் திறந்தேன்.
எலிக்கு நாலு.
அட்டையின் முதுகைப் புரட்டினால்
மோடத்துக்கும் நாலு.

இதை எனக்கு ஆரும் விளக்கவேண்டாம்.
இந்தக் கடைக்கு முதலாளி ரெண்டு பேர்,
ரசலமும் தம்பி தாசையனும்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தான், இந்தப் பக்கம் ஒரு பொத்தான்.
என் தலைக்கு மேலே மணி ஒன்றே ஒன்று.
அடித்ததும் கணக்கை அப்படியே விட்டுவிட்டு எழும்புவேன்.
"நான் விளிக்கல்லியே, டெல்பின்" என்பார் அண்ணன்.
அதற்குள் தம்பி முகம் கறுத்திருக்கும்.
திரும்பி வந்தால்
எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது.

மூடியைக் கழற்றினேன்.
ஐந்தாம் எண்ணில் சவுண்ட் கார்டு குடியிருந்தது.
அதைப் பிடுங்கி மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினேன்;
தாசையன் மத்தியானம் கேட்கிற கிறிஸ்துமஸ் பாட்டு
இனி இல்லை. தவக்காலம்தானே.

மோடத்தின் ஊசிகளில் ஒரு கறுப்புத் தொப்பி,
அரைப் பருக்கை அளவு.
புருவம் திருத்துகிற இடுக்கியால் இழுத்தேன்.
துள்ளிப் போயிற்று.
எடை போடுகிற கிறிஸ்துதாஸும் நானும்
டார்ச்சை வைத்துக்கொண்டு முட்டுக்குத்தித் தேடினோம்,
தராசுக்கடியில், சாக்குக்கடியில், ஒருவரையொருவர் சந்தேகித்து.
கடைசியில் அவன் குதிகாலில் இருந்தது,
ஒட்டுப்பாலில் ஒட்டி.

ஐந்தில் மாட்டினேன். மூடினேன். டயல் செய்தேன்.
இப்போது வந்தது,
எழுத்தெழுத்தாக,
இருபது நொடிக்கு ஒன்று,
இலை கொட்டிய மாசியில் மரம் சொட்டுவதுபோல.

அட்டை ஐந்தாம் கதவைத் தட்டுகிறது.
சிஸ்டம் இன்னும் நாலாம் கதவில் காதை வைத்துக்கொண்டு
என்னமோ சத்தம் போல, என்று
எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.
இடம் மாறினால் போதாது;
மாறினதைச் சொல்லவும் வேணும்.
ரூட்டாக நுழைந்து ஒரு வரி அடித்தேன்:
மூன்றாம் சீரியல் வாசலுக்கு இனிமேல் ஐந்து.

கொட்டியது.
எட்டு நாள் கடிதம், விலைப்பட்டியல்,
கொச்சிக்காரனின் பாக்கி விவகாரம், எல்லாம்.
இன்றைய விலையைப் பார்த்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.
முதலில் எலியை மெதுவாக அசைத்தேன்.
அம்புக்குறி நடந்தது.
லைன் இருந்தது.
இன்னும் கொஞ்ச நேரம் சும்மா அசைத்துக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே மணி அடித்தது.

நான் எழும்பவில்லை.
"ஆரு?" என்று கேட்டேன், உட்கார்ந்தபடியே.
ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரலாக வந்தது:
"ரேட்டு வந்துதா?"

வந்தது.
நாற்பது பைசா குறைவு, ரெண்டு பேருக்கும்.