புல் வந்து சேர்ந்தது

எலியோடோரோ,
உன் வலது கையைத்தான் எனக்கு முதலில் தெரியும்,
முகம் பிறகுதான்.

ஒருரோவில் சுரங்கத் தொழிலாளர் லீக்கின் இறுதி ஆட்டம்.
காற்று மெலிந்த ஊர். பந்து இங்கே
உதைத்தவன் நினைத்ததைவிட இரண்டு முழம் கூடவே பறக்கும்.
எண்பத்தெட்டாம் நிமிடம்
உன் சொந்தத் தம்பி ரெமிஹியோ வலைக்குள் அடித்தான்.
நீ கொடியை உயர்த்தினாய்.

நான் விசில் ஊதினேன். மைதானம் உன்மேல் விழுந்தது:
கல், ஆரஞ்சுத் தோல், உன் அம்மாவைப் பற்றிய வசவுகள்.
அவளும் கூட்டத்தில்தான் இருந்தாள்.
நெற்றி கிழிந்து ரத்தம் புருவத்தில் தேங்கியபோதும்
அந்த மஞ்சள் துணி தாழவில்லை.
ஓரடி, என்றாய் என்னிடம்.
ஓரடி முன்னால் நின்றான்.

அந்த ஓரடியை நம்பித்தான்
உன்னைப் பொருளாளர் ஆக்கினோம்.

பிறகு நீ ஏறிய படிகளை நான் பேப்பரில்தான் எண்ணினேன்.
மாகாணச் சங்கம். தேசியக் கூட்டமைப்பு. கண்டத்தின் செயற்குழு,
அதற்குள் நிதிக்குழு,
அதற்குள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு துணைக்குழு.
படத்துக்குப் படம் உன் கைக்கடிகாரம் கனத்துக்கொண்டே போனது.
ஒளிபரப்பு உரிமையை ஒரு ஞாயிறு மதியம்
மருமகனின் கம்பெனிக்கு விற்றாய்.
கம்பெனியின் முகவரி
பனாமாவில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடி.

பெண்கள் அணி முப்பத்தொரு மணி நேரம் பஸ்ஸில் வந்து ஆடியது.
கோல்கீப்பர் பிலோமெனா
அண்ணனின் சுரங்கக் கையுறையைப் போட்டுக்கொண்டு
கம்பங்களுக்கு நடுவே நின்றாள்.
நீ அன்று மொனாக்கோவில்
அடிமட்டக் கால்பந்தின் வளர்ச்சி பற்றிப் பேசினாய்.
எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

மாட்டிக்கொண்டபோது
வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதினார்கள்.
இல்லை, மேய்வதற்குப் புல்லே வரவில்லை.
நம் மைதானத்துக்குச் செயற்கைப் புல் விரிக்க
நான்கு வருடத்தில் மூன்று முறை பணம் வந்தது.
நீ மேய்ந்தது
புல் என்று எழுதியிருந்த காகிதத்தை.

லுசெர்னில் விசாரணை, ஏரியைப் பார்த்த அறையில்.
நினைவில்லை என்று அறுபத்திரண்டு தடவை சொன்னாய்.
கடைசியில் மொழிபெயர்ப்பாளர்
நீ வாய் திறக்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாராம்.
ரெமிஹியோவின் இடது கால் அன்று எங்கே இருந்தது
என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாய்.
அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

கால்பந்து தொடர்பான எந்தச் செயலிலும்
ஆயுள் முழுக்க ஈடுபடக் கூடாது.
தீர்ப்பை வாசித்ததும் எனக்கு ஒரு சந்தேகம்:
தெருவில் உருண்டு வரும் பந்து
உன் காலடியில் நின்றால்
திருப்பி உதைக்கலாமா, கூடாதா?

இப்போது வீட்டுக்காவல். கணுக்காலில் கறுப்புப் பட்டை.
மினிபஸ் ஓட்டிப் போகும்போது பார்க்கிறேன்,
மூன்றாம் மாடி பால்கனியில் நிற்கிறாய்.
கீழே அதே மண். அதே புழுதி.
நேற்று சிக்னலில் நின்றிருந்தேன்.
சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன்
எல்லோரையும் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கினான்.
உன் வலது கை உயர்ந்தது.

வெயிலுக்காகவும் இருக்கலாம்.

சாட்சி சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை.
புல் வந்து சேர்ந்தது, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்:
மூன்று ரசீதிலும் கீழே இருப்பது என் கையெழுத்து.
மூன்றாவது ரசீதுக்கு மறுவாரம்
வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. வெள்ளை நிறம்.
பதினொரு வருடமாக ஓடுகிறது, பழுது என்று ஒன்றும் இல்லை.
கதவுதான் சரியாக மூடுவதில்லை.
ஏதோ ஒரு காகிதத்தை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன்.
என்ன காகிதம் என்று
பிரித்துப் பார்த்ததில்லை.