கூட்டக் குறிப்பில் வராதவை

நாலரைக்கு என்று போட்டிருந்தார்கள்.
ஐந்துக்குத்தான் அதிபர் மைக்கைத் தட்டினார்.
நான் எழுதுகிறவள்,
இந்தக் கந்தோரில் பதினெட்டு வருடம்.

"பிரேரணை: தரம் ஆறுக்கு இனி
பாதி இடம் புலமைப்பரிசில் புள்ளிக்கு,
பாதி இடம் பாடசாலைக்குக் கிட்டக் குடியிருப்போருக்கு."
இது குறிப்பில் இருக்கிறது.

துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒன்று
யன்னலுக்குள் தலையை நீட்டி
வெறுங்கொக்கியோடு திரும்பிப் போனது
இல்லை.

பழைய மாணவர் சங்கத்துப் பரராஜசிங்கம்
வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார்.
தராதரம் என்ற சொல்லை ஒன்பது தரம் சொன்னார்.
நான் ஒரு தரம் எழுதினேன்.
டியூசன் மாஸ்டர் கிருபைராஜா
பின்வாங்கில் விரல் மடக்கி
எதையோ கழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழும்பினாள் ஸரூனா,
நூற்றைம்பதாம் தோட்டம்.
தோட்டமென்றால் பெயருக்குத்தான்;
ஒரு பைப், பதினாலு வீடு,
பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலை.

"எங்கட ஊட்டுல நிண்டா
ஒங்கட பெல் கேக்கும் சேர்.
அந்தப் பெல்லுக்குத்தான் மகள் சோறு கட்டிக்கிட்டு
ரெண்டு பஸ் மாறி வேற ஸ்கூலுக்கு ஓடுறா.
ஆனா கரண்ட் பில் சித்தீக் நானாட பேர்ல.
பதினாலு ஊட்டுக்கும் ஒரே பில்.
கிட்டத்தான் இருக்கோம் எண்டதுக்கு
நான் எதக் காட்டுற?"

நல்ல கேள்வி என்றார் அதிபர்.
நல்ல கேள்விகளுக்கென்று
எங்களிடம் ஒரு கோப்பு உண்டு.

மேசையில் வரைபடத்தை விரித்தார்கள்.
கவராயத்தின் முள்ளைப் பாடசாலையில் ஊன்றி
வட்டம் போடுவது
தரம் ஒன்றுக்கு எங்கள் வழக்கம்.
வருடா வருடம் குத்திக் குத்திக்
கடதாசி பிய்ந்து
பாடசாலை இருக்க வேண்டிய இடத்தில்
இப்போது ஒரு ஓட்டை.
அதற்குள்ளால் மேசை தெரிந்தது.

வெட்டுப்புள்ளி நூற்று அறுபத்தொன்றாய் இருந்த வருடம்
என் மகனுக்கு நூற்று ஐம்பத்தொன்பது.
அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
"தெரிவித்துக்கொள்கிறோம்" என்பதில்
ஒரு க் விடுபட்டு
முழுவதையும் திரும்ப அடித்தேன்.
இப்போது அவன் பொரளையில் ஃபோன் திருத்துகிறான்.
கெட்டுப்போய்விடவில்லை.
பாதையில் இந்தச் சீருடையைக் கண்டால் மட்டும்
கடைக்குள் போய் எதையாவது தேடுவான்.

நீங்கள் எந்தப் பக்கம் மிஸ் என்று
பற்றிஸ் தட்டோடு வந்த பியூன் கேட்டான்.
பன்னிரண்டாம் பக்கம் என்றேன்.

தீர்மானம்: உபகுழு.
நன்றியுரை. தேசிய கீதம்.

எல்லாரும் போன பிறகு
வரவுப் பதிவைப் புரட்டினேன்.
பெயருக்கு நேரே முகவரி,
உருண்டை உருண்டையான எழுத்து:
ஸரூனா, 150/9.

அவள் பெயரும் அவள் வீடும்
ஒரே வரியில் இருக்கும் தாள்.
போட்டோகொப்பி எடுத்தேன்.
பாடசாலை முத்திரையை
மையில் இரண்டு முறை ஒற்றி வைத்தேன்,
திகதி போட்டேன்,
உண்மைப் பிரதி என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.

அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.
அதுவும் குறிப்பில் இல்லை.